கோல் போடாத வீரரை எப்படி அளப்பது?

ஹாக்கியில் முன்கள வீரரை மதிப்பிடுவது எளிது. எத்தனை கோல் போட்டார் என்று எண்ணினால் போதும். தடுப்பாட்டக்காரரை எதைக் கொண்டு எண்ணுவது? அவருடைய வேலை ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வது. எதிரி வட்டத்துக்குள் நுழையவில்லை, பந்து வலைக்கு வரவில்லை. நடக்காதவற்றை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைப்பதில்லை.

2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் மிக அதிகத் தொகையான 78 லட்ச ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர் ஹர்மன்பிரீத் சிங். அவர் தடுப்பாட்டக்காரர்தாம். ஆனால் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் வாய்ப்புகளில் 10 கோல்கள் போட்டவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தடுப்பாட்டக்காரரின் விலையில்கூட எண்ணத்தக்க கோலுக்கு ஒரு பங்கு உண்டு!

புகழ்பெற்ற வீரர்களுக்கே இப்படியென்றால், பதின்மூன்று, பதினான்கு வயது மாணவரின் நிலை என்ன? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்தே மாணவர்களைச் சேர்க்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் பயிற்சி பெற்று, 2022இல் இந்திய அணிக்காக ஆடினார். ஆகவே வாசல் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த வாசலில் நின்று எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

ஒரே நாளில் நடக்கும் தேர்வில் முதலில் கண்ணில் படுபவை உயரமும் ஓட்டமும். இவ்விரண்டும் திறமையை மட்டும் காட்டுவதில்லை, வயதையும் காட்டுகின்றன. ஜனவரி முதல் தேதியை வயது வரம்பாக வைத்தால், ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுவர். இடையில் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம். ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதையொட்டியும், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஓராண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட உயர்வதுண்டு. அந்த வளர்ச்சி சிலருக்கு முந்தி வரும், சிலருக்குப் பிந்தி வரும். ஆகவே ஒரே மாதத்தில் பிறந்த இருவரின் எலும்பு வளர்ச்சியிலும் இரண்டு, மூன்று ஆண்டு வேறுபாடு இருக்கலாம்.

கனடா நாட்டு ஐஸ் ஹாக்கியில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. அங்கே இளம் வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தோர் அளவுக்கு மீறி இருப்பதை 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி முதலியோர் எடுத்துக் காட்டினர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், பதினெட்டு வயதையொட்டிய இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. 1980 முதல் 2006 வரை அப்படித் தேர்வான கனடா வீரர்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் 36 விழுக்காடு. கடைசி மூன்று மாதங்களில் பிறந்தோர் 14.5 விழுக்காடே. ஆனால் வியப்பு இனிமேல்தான். ஏறத்தாழ ஒரே வரிசை எண்ணில் எடுக்கப்பட்டவர்களை ஒப்பிட்டால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களே பிற்காலத்தில் அதிகமாக வெற்றி பெற்றார்கள். அதாவது, அவர்களை அணிகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன.

தடுப்பாட்டக்காரர் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் எளிதில் நேரும். எதிரி எங்கே திரும்புவார் என்று முன்கூட்டி அறியும் கலை பல ஆட்டங்கள் ஆடித்தான் கைவரும். சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரம் 1989ஆம் ஆண்டுத் தேர்வில் 53ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னாளில் அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஏழு முறை பெற்றார்!

காவிரிப் பாசனத்தில் வளரும் உங்களுக்கு இது புதிய பாடம் அன்று. விதைத்த எண்பதாம் நாளில் இரண்டு வயல்களைப் பாருங்கள். 110 நாள் குறுவை ரகத்தில் கதிர் தலைகாட்டியிருக்கும். 155 நாளையொட்டிய சி.ஆர். 1009 வெறும் பச்சையாய் நிற்கும். அன்றே பரிசு கொடுப்பதென்றால் குறுவைக்குத்தான் கொடுக்க வேண்டும். எந்த விவசாயியாவது அப்படிச் செய்வாரா? உயரத்தின் கதையும் அப்படியே. உரமிட்டால் நெடிய பழைய ரகங்கள் சாய்ந்தன. 1966இல் வந்த குட்டையான ஐ.ஆர். 8 நிமிர்ந்து நின்றது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், ஒரு செடியை ஒரு நாள் பார்த்துப் புது ரகம் வெளியிடுவதில்லை. பல தலைமுறை விதைத்து, பல வயல்களில் சோதித்த பிறகே வெளியிடுகிறார்கள். நெல்லுக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைகளுக்கும் காட்டலாமே!

“விடுதியில் இடம் கொஞ்சம், வருவோர் ஆயிரம், பயிற்சியாளருக்கு ஏது நேரம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேகமும் உடல் வலிவும் தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் செலவில்லாத மூன்று மாற்றங்களைச் செய்யலாம்.

முதலாவது, மதிப்பெண் தாளில் பிறந்த மாதத்தையும் பெற்றோரின் உயரத்தையும் எழுதுவது. இனி எவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கிறது என்பதை இவற்றைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கழகங்கள் சில, இவ்வகைக் கணக்கைக் கொண்டு வயதுக்குப் பதில் வளர்ச்சி நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன.

இரண்டாவது, தள்ளப்பட்டவர்களில் சிலரை ஆறு மாதம் கழித்து மறுபடி அழைத்துப் பார்ப்பது.

மூன்றாவது, தடுப்பாட்டக்காரருக்கென்று தனிக் கணக்கு வைப்பது. இருபது நிமிட ஆட்டத்தில், எதிரியை எத்தனை முறை பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்கினார்? எத்தனை பந்துகளை வழிமறித்தார்? பிடித்த பந்தைச் சரியான ஆளுக்குக் கொடுத்தாரா? பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தாரா? இந்தக் கடைசிக் கேள்வி சிறிதன்று. அடிக்கடி சுற்றிப் பார்க்கும் கால்பந்து வீரர்களே பந்தை அதிகம் பிழையின்றிக் கடத்துகிறார்கள் என்று நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் கண்டுள்ளார்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியின் எல்லா அணி வீரர்களின் பிறந்த மாதங்களையும் கேட்டு, நான்கு காலாண்டுகளாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். பதிவேட்டுத் தேதியும் உண்மைத் தேதியும் வேறாக இருக்கலாம். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். ஓர் அணியைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் காலாண்டு பெருத்திருந்தால், உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் அந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

தேர்வில் விடுபட்டவர் உங்களில் யாரேனும் இருந்தால் அவருக்கு ஒரு சொல். அன்று அளக்கப்பட்டது உங்கள் எண்பதாம் நாள். மட்டையைக் கீழே வைத்துவிடாதீர்கள்.