கால்வாய்க்கு முறை உண்டு, கிணற்றுக்கு?

சேரன்மகாதேவியை அடுத்த வெள்ளாங்குழியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் வெள்ளநீர்க் கால்வாய், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் கடந்து எம்.எல்.தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் செல்கிறது. 2009-இல் தொடங்கிய தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்புத் திட்டம் இது. கடலுக்குப் போகும் வெள்ளம் வறண்ட ஊர்களின் குளங்களில் தங்கினால், சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். ஆற்றுத் தண்ணீருக்கு அணைக்கட்டு, மடை, முறை என்று கணக்கு உண்டு. அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் கணக்கு மறைந்து, ஆழமாகத் துளை போட்டவர் சொத்தாகிவிடுகிறது. அதற்கும் ஊர் ஒரு முறை வகுக்காவிட்டால் கால்வாயின் பயன் சிலரோடு நின்றுவிடும்.

இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் கீழே உள்ள விரிசல்களிலும் தங்குவதுதான் தண்ணீர். மழைக்கு நிறையும், கோடைக்குள் தீரும். ஒருவர் ஆழ்துளை போட்டால் பக்கத்துக் கிணறு வற்றலாம். கிணறு வற்றியவர் உள்ளே பக்கவாட்டில் சைடு போர் போடுவார், அடுத்தவர் இன்னும் ஆழம் போவார். மிஞ்சுவது கடன். கூட்டுக்கிணறு நமக்குப் புதிதல்ல. பாகப்பிரிவினையில் நிலம் துண்டானாலும் கிணறு பொதுவில் நிற்கும்; நாலில் ஒரு பங்கு என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள்; கமலை இறைக்க முறைநாள் இருக்கும். மோட்டார் வந்து, ஆளுக்கொரு போர் ஆனபோது அந்த ஒழுங்கு தளர்ந்தது. 1990 முதல் உழவர்களுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறைப்புக்குச் செலவே இல்லாத இடத்தில், ஊர்க் கட்டுப்பாடு ஒன்றே மிச்சமிருக்கும் கடிவாளம்.

என் நிலத்துத் தண்ணீர் என் உரிமை என்பார்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பாறை விரிசல் சர்வே எண் பார்த்து ஓடுவதில்லை. அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். 2003-இல் இயற்றிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. நிலத்தடி நீருக்கான மத்திய அரசின் அடல் பூஜல் திட்டம் 2019-இல் ஏழு மாநிலங்களுக்கு வந்தது. அதில் தமிழ்நாடு இல்லை. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் காத்திருக்கவில்லை. அந்த ஊர் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணற்றைத் தடுத்தது. மழையை அளந்து, குடிக்க ஒதுக்கியது போக மிஞ்சுவதற்கு ஏற்பப் பயிரைத் தீர்மானிக்கிறது.

ஊர் கூடினால் மேல்சாதியும் பெருநிலக்காரரும்தான் பேசுவார்கள் என்ற ஆட்சேபம் கனமானது. மாணவர்களுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததால் சேரன்மகாதேவி குருகுலம் நூறாண்டுகளுக்கு முன் எடுத்த கெட்ட பெயரை நாம் மறக்கக் கூடாது. கிணற்றடியில் சாதி அதைவிடக் கடுமையாகவே நின்றிருக்கிறது. ஆகவே நிலமற்றோரும் பெண்களும் இடம்பெறாத குழுவுக்கு முறை வகுக்கும் தகுதி இல்லை. குடிநீர் முதல், கால்நடை அடுத்து, பயிர் பிறகு என்ற வரிசையை எழுத்தில் வைக்க வேண்டும். இன்று முறை இல்லாததால் அடிபடுவதும் ஆழ்துளைக்குக் காசில்லாத இதே மக்கள்தான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வருவது ஜனவரி 26 கிராமசபை. கால்வாய் ஓரத்து ஊராட்சிகள் அதற்கு முன் ஒவ்வொரு கிணற்றிலும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, அந்தக் கணக்கைச் சபையில் வாசிக்கட்டும். வாழைக்கு எத்தனை ஏக்கர், புதிய போர் வேண்டுமா என்பதை அன்றே தீர்மானமாக எழுதுங்கள்.