பூட்டைத் திறப்பவர் யார்? விரலை இழப்பவர் யார்?

"மென்பொருளில் கை வைக்காதீர்கள், வைத்தால் ஆபத்து" என்று சி.என்.சி. இயந்திரங்களைச் செய்து விற்கும் கம்பெனிகள் உபதேசம் செய்கின்றன. "பணம் கொடுத்து வாங்கியவன் நான், என் இஷ்டப்படி மாற்றுவேன்" என்கிறார் பட்டறை முதலாளி. இந்த இருவர் வாதத்திலும் அடிபடாத ஒருவன் இருக்கிறான்: ஷிப்டு முழுவதும் அந்த இயந்திரத்தின் கதவருகே நிற்கும் தொழிலாளி. அவன் பக்கம் நின்று நாம் இந்த வழக்கைப் பார்ப்போம்.

ஆபத்து உண்டா? உண்டு. அதை நாம் மறைக்கவில்லை.

சி.என்.சி. லேத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டும் வேகம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று புரோகிராமில் உத்தரவு கொடுத்தால், இரும்பின் விட்டம் குறையக் குறைய, ஸ்பிண்டிலின் சுழற்சி ஏறிக்கொண்டே போகும். அதற்கு வரம்பு கட்டி நிற்பது ஒரேயொரு எண். அந்த எண்ணை உயர்த்தினால் என்ன ஆகும்? சக்கின் தாடைகளை மையவிலக்கு விசை வெளியே தள்ளும், பிடி தளரும், கனத்த இரும்புத் துண்டு பீரங்கிக் குண்டாகப் பறக்கும்!

கதவு திறந்திருந்தால் ஸ்பிண்டில் ஓடக் கூடாது என்பது இன்னொரு ஏற்பாடு. இதை ஒரு துண்டு வயரால் ஏமாற்றுவதும் உண்டு. மென்பொருளிலேயே மாற்றிவிடுவதும் உண்டு. வயராவது தேடினால் கண்ணில் படும். மாற்றிய வரி படுமா? பகல் ஷிப்டில் செய்த மாற்றத்தை இரவு ஷிப்டுக்கு வருகிறவன் அறியான். கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்று நம்பிக் கையை நீட்டுவான்.

எதற்காக இந்த மாற்றம்? ஒரு ஜாபுக்குச் சில வினாடி மிச்சம்! லாபம் முதலாளிக்கு, விரல் தொழிலாளிக்கு. விபத்து நடந்த மறுநாள் "ஆப்பரேட்டரின் அஜாக்கிரதை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கம்பெனி பூட்டி வைத்துவிட்டால் தொழிலாளி பிழைப்பானா? பட்டறைக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் தெராக்-25 என்ற இயந்திரத்தைக் கனடாவின் அரசு அணுசக்தி நிறுவனம் செய்தது. முந்தைய மாடலில் தனியாக இருந்த மின்காப்புகளை நீக்கி, கம்ப்யூட்டரை நம்பியது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் மாண்டார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் மென்பொருளைத் திருத்தவில்லை. பிழை செய்தவனிடமே இருந்தது! பூட்டு அந்தப் பிழையையும் சேர்த்தல்லவா பூட்டி வைத்தது?

ஆகவே கம்பெனியின் ரகசியமும் வேண்டாம், முதலாளியின் ரகசியமும் வேண்டாம். "கெட்டிக்காரத் தொழிலாளி தானே திருத்திக்கொள்ளட்டும்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவனது அனுபவம் பொக்கிஷம்தான். ஆனால் ஒருவன் தனியே, பதிவில்லாமல் செய்யும் மாற்றம் அடுத்து நிற்கும் சகோதரனுக்குக் கண்ணி.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான பாகங்களுக்கு உறுதியான காப்பு வேண்டும், இயந்திரம் ஓடும்போது அது தன் இடத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. கம்ப்யூட்டர் வந்ததனால் அந்த நியாயம் செத்துவிடவில்லை.

நாம் கேட்பது இதுதான். அவசர நிறுத்தமும் கதவுக் காப்பும் புரோகிராமுக்கு எட்டாதபடி தனி மின்சுற்றில் இருக்கவேண்டும். மென்பொருளில் எதை மாற்றினாலும், மாற்றியவர் யார், உத்தரவிட்டவர் யார் என்று கையெழுத்தோடு பதிவாக வேண்டும். ஆளில்லாமல் சோதித்துப் பார்க்காமல் ஷிப்டைத் தொடங்கக் கூடாது. அந்தப் பதிவேட்டைத் தொழிலாளர் பிரதிநிதிகள் பார்க்க வேண்டும். காப்பை நீக்கிய இயந்திரத்தில் வேலை செய்ய மறுப்பவனைத் தண்டிக்கக் கூடாது.

தொழிலாளித் தோழர்களே! நாளை ஷிப்டில் ஏறும்போது கேளுங்கள்: "நேற்று இதில் என்ன மாற்றினீர்கள்?" பதில் வராதவரை ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள்!