குண்டு வெடித்தால் பூமி பிளக்குமா?



ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1978ஆம் ஆண்டு ‘எதிர்காலச் சிறுவன் கோனன்’ என்னும் சித்திரத் தொடர் ஒளிபரப்பாயிற்று. ஹயாவோ மியாசாகி இயக்கிய தொடர் இது. கதை தொடங்கும்போதே உலகம் அழிந்துவிடுகிறது. அணுகுண்டையும் விஞ்சிய காந்த ஆயுதங்களைப் போரில் பயன்படுத்துகிறார்கள். பூமியின் மேலோடு குலுங்குகிறது, அச்சு சாய்கிறது, கண்டங்கள் பிளந்து கடலில் மூழ்குகின்றன. இத்தகைய கதைகளைப் பார்த்தவர்கள் கேட்பதுண்டு: மனிதன் செய்த குண்டு பூமியைப் பிளக்குமா? எரிமலைகளை எழுப்புமா?

இதற்கு விடை தேட ஓர் உண்மை நிகழ்ச்சி உதவும். 1971 நவம்பர் 6ஆம் நாள், அலாஸ்காவைச் சேர்ந்த அம்சிட்கா தீவில், ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழத்தில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதனைக்காக வெடிக்கச் செய்தது. அதன் வலிமை சுமார் 5 மெகாடன். அதாவது, 50 லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அத்தீவோ எரிமலைகளும் நிலநடுக்கங்களும் மலிந்த அலூஷியன் தீவு வரிசையில் உள்ளது. 1964இல் அலாஸ்காவை உலுக்கிய 9.2 அளவுள்ள நிலநடுக்கத்தை மக்கள் மறந்திருக்கவில்லை. பெரும் பூகம்பமும் சுனாமியும் வரும் என்று அஞ்சிப் பலர் சோதனையை எதிர்த்தனர்.

நடந்தது என்ன? சுமார் 7 அளவுள்ள அதிர்ச்சியும், அதன் பின் சிறு அதிர்வுகளும் ஏற்பட்டன. வெடித்த இடத்துக்கு மேலே நிலம் தாழ்ந்து ஏரியாயிற்று. அஞ்சிய பெரும் பூகம்பமும் சுனாமியும் வரவில்லை.

காரணத்தை நீங்களே கணக்கிடலாம். நிலநடுக்கத்தின் அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். எனவே 7க்கும் 9.2க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்குக்கும் அதிகம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில், புவித்தட்டுகள் பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆற்றல் அது. கண்டங்களை மூழ்கடிக்கும் வலிமை எந்தக் குண்டுக்கும் இல்லை.

அப்படியானால் நாம் நிம்மதியாக இருக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. எரிமலையை எழுப்ப முடியாத குண்டு, எரிமலை செய்யும் கேட்டைச் செய்யக்கூடும்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய கந்தக வாயு உயர்வானில் மெல்லிய திரையாகப் பரவி, வெயிலைக் குறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை எனலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. விளைச்சல் பொய்த்தது.

அணுப்போரில் நகரங்கள் எரிந்தால் எழும் கரிப்புகையும் அவ்வாறே உயர்வானை அடையும் என்று 1983இல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் எச்சரித்தனர். அந்த உயரத்தில் புகையைக் கழுவிவிட மழை இல்லை. ஆகவே அது ஆண்டுக்கணக்கில் தங்கும். எவ்வளவு குளிரும் என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வோ, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அணுப்போர் மூண்டால் உலகெங்கும் 200 கோடிக்கும் மேற்பட்டோர் உணவின்றி மடியக்கூடும் என்று கணக்கிடுகிறது. போரோடு தொடர்பே இல்லாத நாட்டு மக்களும் அவர்களுள் அடங்குவர்!

தம்போராவைத் தடுக்க யாராலும் இயன்றிருக்காது. அணுகுண்டு மனிதன் செய்தது. அதை ஒழிக்கவும் மனிதனால் இயலும். ‘எத்தனை குண்டு வெடித்தாலும் பூமி தாங்கும்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், ‘ஆம், பூமி தாங்கும்; பயிர் தாங்குமா?’ என்று கேளுங்கள்.