ஏழு நாள் முகாம் முடிஞ்சாச்சு... ஊருக்கு என்ன மிச்சம்? கல்லூரி 'சேவைவழிக் கற்றல்' ஓர் அலசல்

காலையில் கல்லூரி பஸ் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். ஒரே நிற டி-ஷர்ட்டில் ஐம்பது பேர் இறங்குவார்கள். ஊராட்சித் தலைவர் பேசுவார், கல்லூரி முதல்வர் பேசுவார், ஃபிளெக்ஸ் பேனருக்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ. அடுத்த ஏழு நாளும் கோயில் வளாகத்தைப் பெருக்குவது, சீமைக் கருவேலம் வெட்டுவது, மரக்கன்று நடுவது, மாலையில் விழிப்புணர்வு நாடகம். எட்டாம் நாள் ஊர் பழையபடி அமைதியாகிவிடும். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரியில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி புதுசில்லை.

மாணவர்கள் மனசார வேலை செய்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ரெண்டு மாசம் கழித்து அந்த மரக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? வெட்டிய கருவேலம் மறுபடி துளிர்த்ததா? நாடகம் பார்த்த யாராவது எதையாவது மாற்றிக்கொண்டார்களா? மாணவருக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, கல்லூரிக்கு அறிக்கை தயார். ஊருக்கு என்ன கிடைத்தது என்று எழுத மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சமூக சேவையையும் கிரெடிட்டாக மாற்றும் வேலை உயர்கல்வியில் வேகமாக நடக்கும் இந்த நேரத்தில், அந்தக் கட்டம் ஏன் இல்லை என்று கேட்டே ஆக வேண்டும்.

'சர்வீஸ் லேர்னிங்' என்றால் என்ன?

தன்னார்வச் சேவை வேறு, சேவைவழிக் கற்றல் வேறு. ரத்த தானம் செய்வதும் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும் தன்னார்வச் சேவை. நல்ல காரியம்தான். ஆனால் அதற்கும் மாணவர் படிக்கும் பாடத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை.

சேவைவழிக் கற்றலில் வகுப்பறைப் பாடமே ஊருக்குப் போகிறது. வேதியியல் மாணவர் ஊரின் குடிநீரைப் பரிசோதிக்கிறார். பி.காம் மாணவி மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்க்க உதவுகிறார். பிறகு, அங்கே பார்த்ததை வகுப்பில் பேசி, பாடத்தோடு ஒப்பிட்டு யோசிக்கிறார்கள். அந்த மூன்றாவது படி இல்லாவிட்டால் அது வெறும் வேலை மட்டும்தான்.

இந்தச் சொல் 1960-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் சிக்மன், 1979-இல் மூன்று விதிகளை எழுதினார். ஒன்று, எந்தச் சேவை வேண்டும் என்பது சேவை பெறுபவர்களின் கையில் இருக்க வேண்டும். ரெண்டு, அந்தச் சேவையால் அவர்களின் சொந்தத் திறன் வளர வேண்டும். மூன்று, சேவை செய்பவரும் கற்பவர்தான். தான் எதைக் கற்க வேண்டும் என்பதில் அவருக்கும் பங்கு வேண்டும்.

நம்ம ஊர் முகாமை இந்த மூன்றோடு வைத்துப் பார்த்தால் முதல் விதியிலேயே பிரச்னை ஆரம்பிக்கிறது. எந்த ஊர், எந்த வேலை, எந்தத் தேதி எல்லாமே பெரும்பாலும் கல்லூரியில்தான் முடிவாகிறது.

இது இங்கே புதுசா?

பெயர்தான் புதுசு. கைவேலையோடும் ஊர் வாழ்க்கையோடும் சேர்ந்த 'நயீ தாலீம்' கல்வியை 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்தார். அதே பாதையில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் காந்திகிராம கிராமிய நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் கற்பது படிப்பின் ஒரு பகுதி.

நாடு முழுக்கப் பரவியது நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கணக்கு எளிமையானது. ஆண்டுக்கு 120 மணி நேரம், ரெண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். 'நான் அல்ல, நீ' என்பது அதன் முழக்கம்.

முழக்கத்தில் 'நீ' இருக்கிறது. கணக்கில் இருப்பது மாணவரின் மணி நேரம் மட்டும்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

காரணம் கிரெடிட். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப்படிப்புக்கான கட்டமைப்பில் 'சமூக ஈடுபாடும் சேவையும்' இடம்பெற்றிருக்கிறது. 30 மணி நேரம் ஈடுபட்டால் ஒரு கிரெடிட். 2014-இல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. ஆனாலும் இங்குள்ள பல்கலைக்கழகங்களில் 'பார்ட் ஃபைவ்' என்ற பெயரில் விரிவாக்கப் பணிக்கு ஏற்கெனவே கிரெடிட் உண்டு. கொள்கை எதுவானாலும் சேவை என்பது மார்க் ஷீட்டுக்குள் வந்தாகிவிட்டது.

மார்க் ஷீட்டுக்குள் வந்த எதுவும் மார்க்குக்காக நடக்க ஆரம்பிக்கும். இது மாணவர்களின் தப்பு இல்லை. மணி நேரத்தைக் கேட்டால் மணி நேரம்தான் வரும். கையெழுத்து, ஜியோ டேக் போட்டோ, அட்டெண்டன்ஸ் எல்லாம் பக்காவாக இருக்கும். 'தத்தெடுப்பு' என்ற சொல்லே கொஞ்சம் நெருடலானது. நூற்றாண்டுகளாக நிற்கும் ஒரு ஊரை, மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எப்படித் தத்தெடுக்க முடியும்?

1968-இல் மெக்சிகோவில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் இதைவிடக் காட்டமாகப் பேசினார். நல்லெண்ணத்தோடு வந்தாலும் நீங்கள் செய்வது தொந்தரவுதான். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் 'உங்களை யார் கூப்பிட்டது?' என்று அதில் ஒளிந்திருக்கும் கேள்வி, இன்றைக்கும் ஒவ்வொரு முகாமுக்கும் பொருந்தும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முகாம் ஊர்த் தெருவிலேயே முடிந்துவிடுகிறதா, காலனி வரை போகிறதா? சாப்பாடு எங்கே சமைக்கிறார்கள், மாணவர்கள் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார்கள்? ஊர்ப் பெரியவர்களை மட்டும் பார்த்துவிட்டு 'ஊரோட தேவை இதுதான்' என்று எழுதினால், அந்த அறிக்கையில் பாதி ஊர் இருக்காது.

இல்லம் தேடிக் கல்வி சொல்லும் பாடம்

சரி, எது வேலை செய்கிறது? சமீபத்திய உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. அந்தந்தப் பகுதியிலேயே வசிக்கும் தன்னார்வலர்கள், மாலையில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதை அளந்து பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் சுமார் மூன்றில் ரெண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம்.

இது கல்லூரித் திட்டம் இல்லை. ஆனால் கல்லூரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதே தெரு, அதே பிள்ளைகள், தினம் கொஞ்ச நேரம். தன்னார்வலர் ஒரு நாள் வராவிட்டால் 'அக்கா ஏன் வரல?' என்று கேட்க ஆள் இருந்தது. கடைசியில் அளந்தது தன்னார்வலர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதை இல்லை, பிள்ளைக்கு எவ்வளவு வந்தது என்பதை.

அப்போ கல்லூரிகள் என்ன செய்யலாம்?

புது கமிட்டியோ புது ஆப்போ தேவையில்லை. ஊர் தன் தேவையைப் பேச ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது: கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

இந்தத் தேதிகளைக் கல்லூரி காலண்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் செமஸ்டர் தொடங்கியதும் வருகிறது ஆகஸ்ட் 15. அன்று மாணவர்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஊர் எதைக் கேட்கிறது என்று கேட்டுக்கொண்டு வரலாம். அதிலிருந்து தங்கள் பாடத்தால் தொடக்கூடிய ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். செய்ததை நவம்பர் 1 அன்று அதே சபையில், ஊராட்சியின் அனுமதியோடு தமிழில் சொல்லலாம். அடுத்த செமஸ்டருக்கு ஜனவரி 26, மார்ச் 22.

உதாரணத்துக்கு, தருமபுரி பக்கம் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பழைய பிரச்னை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனாலும் ஒரு தெருவில் இன்னும் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று சபையில் பேச்சு வருகிறது. வேதியியல் மாணவர்கள் எந்த போரில் எவ்வளவு என்று அளக்கிறார்கள். எது குடிக்கலாம், எது கூடாது என்ற ஒரு பக்கப் பட்டியலோடு திரும்பி வருகிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே அதிகாரியிடம் பேசலாம். சிக்மனின் ரெண்டாம் விதி சொன்னதும் இதைத்தான்.

இன்னொரு விஷயத்தைக் கல்லூரிகள் மறந்துவிடுகின்றன. அரசுக் கல்லூரி மாணவர்களில் பலர் தினமும் பஸ் பாஸில் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களை இன்னொரு கிராமத்துக்குக் கூட்டிப்போய் 'கிராம வாழ்க்கை' காட்ட வேண்டியதில்லை. 18 வயதாகி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், சொந்த ஊர் கிராம சபையில் அவர்களே உறுப்பினர்கள். அந்த வேலைக்கே கிரெடிட் கொடுத்தால் என்ன?

'இதெல்லாம் நடக்கிற காரியமா?'

நியாயமான கேள்விதான். திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியர் முழு நேர வகுப்பும் எடுத்துக்கொண்டுதான் இதைப் பார்க்கிறார். மாணவர்களில் பலர் சாயங்காலம் வேலைக்குப் போகிறார்கள். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு வெளியே போக அனுமதி வாங்குவதே தனிப் போராட்டம். பல பெண்களுக்கு அந்த ஏழு நாள் முகாம்தான் வீட்டை விட்டு வெளியே தங்கும் முதல் வாய்ப்பு. அதனால் முகாமை ஒழிக்கச் சொல்வது தீர்வில்லை.

ஆனால் வருஷம் ஒரு புது ஊர் என்பதை விட்டுவிட்டு, அதே ஊருக்கு மூன்று ஆண்டு போகலாம். சீனியர் ஆரம்பித்ததை ஜூனியர் தொடரலாம். ஐந்து கிராமங்களில் பேனர் கட்டுவதைவிட ஒரே கிராமத்தில் ஒரு தெருவின் தண்ணீர்ப் பிரச்னையைப் பின்தொடரலாம். இதற்குக் கூடுதல் பணம் வேண்டியதில்லை. அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: 'ஊர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன?' அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது கிராம சபை.

அடுத்த முகாமில் நடும் கன்றுக்கு அந்த ஒரு கையெழுத்து தேவை என்று வந்தால், தண்ணீர் ஊற்ற யாராவது திரும்பிப் போயே ஆக வேண்டும்.