இருமொழியா, மும்மொழியா என்ற விவாதத்தில் விடுபட்ட கேள்வி: பெங்களூரு மாணவர்கள் மொழி வகுப்பில் என்ன கற்கிறார்கள்?

பெங்களூரு: கர்நாடகப் பள்ளிகளில் எத்தனை மொழிகள் கற்பிக்கப்பட வேண்டும் என்ற விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் சித்தராமையாவிடம் அறிக்கை அளித்தது. இருமொழிக் கொள்கையைப் பின்பற்ற வேண்டும், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். எந்த மொழி, எத்தனை மொழி என்பது குறித்து அன்றிலிருந்து ஆதரவும் எதிர்ப்புமாக ஏராளமான அறிக்கைகள் வந்துவிட்டன. மொழி வகுப்புக்குள் அமர்ந்திருக்கும் மாணவர் படித்ததைப் புரிந்துகொள்கிறாரா, கேட்டதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, தம் கருத்தை ஏற்கும்படி பிறருக்கு எழுத முடிகிறதா என்ற கேள்வி மட்டும் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிருக்கிறது.

பெங்களூருவில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூரு மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடு. தெலுங்கும் உருதும் அடுத்தடுத்த இடங்களில் உள்ளன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், நண்பர்களிடம் உருதோ தெலுங்கோ கலந்த பேச்சு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தை இந்நகரில் விதிவிலக்கல்ல.

சட்டம் இக்குழந்தையைப் பல திசைகளிலிருந்தும் இழுக்கிறது. 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் வழி அரசமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. பயிற்றுமொழியை அரசு திணிக்க முடியாது, அது பெற்றோரின் தேர்வு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2014 மே 6-ஆம் தேதி, கர்நாடக அரசு தொடர்பான வழக்கிலேயே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே கர்நாடகத்தின் கன்னட மொழி கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. இப்போது இரண்டே மொழிகள் என்றால், தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் இரண்டு இடங்களில் எப்படி அமர்த்துவது என்பது தமிழ்க் குடும்பங்களின் நியாயமான கவலை. ஆனால், இடம் கிடைத்த மொழியிலாவது குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பது அதனினும் பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டுவது வாசிப்பு ஆகிவிடாது

வாசிப்புத் திறன் என்றதும் கல்வித் துறையினர் கையில் எடுப்பது 'அசர்' அறிக்கையை. 2024 அறிக்கையின்படி, நாட்டின் ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர்கள். ஐந்தாம் வகுப்பில் அது 44.8 விழுக்காடு. 2022-ஐவிட இவை மேம்பட்ட எண்களே. எனினும் இந்த ஆய்வு ஊரகப் பகுதிகளுக்கானது. பெங்களூருவின் அடுக்குமாடிகளுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் நடுவே இருக்கும் பள்ளிகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நகரத்துப் பிள்ளைகள் எப்படியும் படித்துவிடுவார்கள் என்ற பொதுநம்பிக்கைக்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று வாசிப்பு வேகத்துக்கு இலக்கு வைத்தது. தமிழிலும் கன்னடத்திலும் இந்த அளவுகோல் சற்று வழுக்கும். வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நீளும் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று, நான்கு சொற்கள் வேண்டியிருக்கும். கன்னடத்தில் ஒத்தெழுத்துகள் அடியில் அடுக்கி நிற்கும். இதனால்தான் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் 2022-இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வில் 20 மொழிகளுக்கும் தனித்தனியே அளவுகோல் வகுக்க நேர்ந்தது. பெங்களூருவைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடக் குழந்தைகள் எழுத்தறியும் வேகம் குறித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போல ஓராண்டில் முடிந்துவிடும் வேலையன்று அது. தொடக்கப்பள்ளி ஆண்டுகள் நெடுகிலும் தொடர்வது என்று அது காட்டியது. முதல் வகுப்பிலேயே பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்று பதறும் பெற்றோருக்கு இச்செய்தி யாராலும் சொல்லப்படுவதில்லை.

எழுத்தறிந்த பிறகும் ஒரு தடை காத்திருக்கிறது. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய வாய்ப்பாட்டை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும், அம்மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது அது. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளையிடம் அதன் பொருளைக் கேட்டால் மௌனம் வருகிறதே, அதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. கண் பழகிய மொழி காதுக்குப் பழகவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு நேர்வது பெரும்பாலும் இதன் மறுதலை: காதில் தமிழ் நிறைந்திருக்கிறது, எழுத்து கைவசம் இல்லை.

காதுக்கு மதிப்பெண் இல்லை

கேட்டலை வகுப்பறை மதிக்காததற்குத் தேர்வுமுறையே முதற்காரணம். கர்நாடகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மொத்தம் 625 மதிப்பெண்கள். முதல் மொழிக்கு மட்டும் 125, ஏனையவற்றுக்கு 100. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி உள்ளிட்ட எட்டு மொழிகளில் ஒன்றை முதல் மொழியாகக் கொள்ளலாம். மற்றப் பாடங்களைவிடக் கூடுதல் மதிப்பளிக்கப்பட்ட அந்தத் தாளில் செய்யுள், உரைநடை, இலக்கணம், கடிதம், கட்டுரை எல்லாம் உண்டு. செவி மட்டும் இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012-13 கல்வியாண்டில் பேசுதல், கேட்டல் திறன் மதிப்பீட்டை அறிமுகப்படுத்தியது நல்ல தொடக்கம். பின்னர் அது அகமதிப்பீட்டின் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது.

தமிழ் மரபில் இந்தப் புறக்கணிப்புக்கு இடமில்லை என்பதுதான் வியப்பு. பாடத்தைப் 'படித்தல்' என்பதைவிடப் 'பாடம் கேட்டல்' என்பதே பழைய வழக்கு. பவணந்தி முனிவரின் நன்னூல், ஒருமுறை கேட்பதற்கும் இருமுறை, மும்முறை கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை வரிசைப்படுத்துகிறது. ஆசிரியரிடம் கேட்டதால் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரிடம் பழகி வருவது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வாய்க்கிறது என்பது அந்நூலின் கணக்கு. இந்நூலை எழுதச் செய்த சீயகங்கன், பெங்களூருவை அடுத்த கோலாரைப் பூர்விகமாகக் கொண்ட கங்க மரபினன் என்பது கூடுதல் செய்தி. இன்றைய மொழி வகுப்பு அந்த முதற் கால் பங்கோடு நின்றுவிடுகிறது.

கர்நாடகத்துக்கும் இது புதிதன்று. மாநிலக் கல்வித் துறை அகில இந்திய வானொலி வழியே பள்ளிகளுக்கு ஒலிபரப்பிய 'கேளி-கலி' நிகழ்ச்சியின் பெயருக்கே 'கேட்டுக் கற்றுக்கொள்' என்று பொருள். ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டு செய்த வேலையை, இன்று திறன்பலகையும் இணைய இணைப்பும் உள்ள நகரப் பள்ளிகள் செய்யத் தயங்குவதற்குக் காரணம் கருவி இன்மை அன்று. பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ், கன்னடக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே கதையை இரு மொழிகளில் வாசித்துக் காட்டினால், வகுப்பில் எல்லாக் குழந்தைகளின் காதுக்கும் ஏதேனும் ஒன்று எட்டும்.

மனு எழுதத் தெரியாத நகரம்

மூன்றாவது திறனான வாத எழுத்தின் நிலை இன்னும் மோசம். பள்ளியில் பழக்கப்படும் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் என்று சட்டகம் முழுமையாக இருக்கும். தெருவிளக்கு எரியவில்லை, ஆவன செய்க என்று முடியும். அந்தக் கடிதத்தில் எதிர்த்தரப்பு என்ற ஒன்றே கிடையாது. நிதி இல்லை என்றோ, இது எங்கள் எல்லை அன்று என்றோ அதிகாரி சொல்லக்கூடும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. சட்டகத்துக்கு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

உண்மையான பெங்களூருவில் அந்த மனுவை யாருக்கு எழுதுவது என்பதே முதற் சிக்கல். 2025 செப்டம்பரில் பெருநகர மாநகராட்சி கலைக்கப்பட்டு, பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. எந்த எல்லை, எந்த அலுவலர், எத்தனை நாளாக, என்ன சான்று, என்ன தீர்வு என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் வைக்கத் தெரிந்தவரின் மனுவே நகரும். அரசமைப்பின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் குறைதீர் மனு அளிக்கலாம் என்று உரிமை தருகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ ஆங்கிலம், இந்தி அல்லது அப்பகுதியின் அலுவல் மொழி என்று வரையறுக்கிறது. அதாவது, பெங்களூருவில் வாழும் தமிழர் தகவல் கேட்க வேண்டுமானால் கன்னடமோ ஆங்கிலமோ இந்தியோ தேர்ச்சியோடு எழுத வேண்டும். கன்னடம் கற்பதைத் திணிப்பு என்று மட்டும் பார்க்கும் பெற்றோரும், கன்னடம் கற்பித்தால் போதும் என்று எண்ணும் ஆட்சியாளரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது. பெயர்ப்பலகை வாசிக்கும் அளவுக்கான கன்னடம் இந்த வேலைக்கு உதவாது.

எதிர்த்தரப்பைக் கேட்டு மறுமொழி சொல்லும் பயிற்சிக்கு இவ்விரு மொழிகளிலும் பொருள் நிறைய இருக்கிறது. கரையோரக் கர்நாடகத்தின் 'தாளமத்தளெ' கலையில், வேடமோ ஆட்டமோ இன்றி அமர்ந்தபடியே கலைஞர்கள் புராணப் பாத்திரங்களாகி வாதிடுவார்கள். வசனம் முன்கூட்டி எழுதப்பட்டதில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கூர்ந்து கேட்டால்தான் அடுத்த சொல் பிறக்கும். தமிழில் பட்டிமண்டபம் மணிமேகலைக் காலத்துச் சொல். பண்டிகை நாள் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களின் நகைச்சுவை அதன் பெயரைச் சற்றே மலிவாக்கிவிட்டது என்றாலும், வடிவம் வகுப்பறைக்கு இன்றும் பொருந்தும். மாணவரைத் தமக்கு உடன்பாடில்லாத அணியில் அமர்த்தி, அவ்வாதத்தை எழுதவும் செய்தால் பயன் இரட்டிப்பாகும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் கட்டுரை எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி, தகவல் தொழில்நுட்பத் தலைநகரில் இயல்பாகவே எழும். வீட்டுப்பாடக் கட்டுரையை இனி நம்பி மதிப்பிட முடியாது என்பது உண்மைதான். அதனாலேயே, எழுதியதை வகுப்பில் நின்று விளக்கி, வரும் கேள்விக்கு விடை சொல்லச் செய்வது முன்னைவிட அவசியமாகிறது.

தோரட் ஆணையப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மொழியின் 125 மதிப்பெண்ணில் 25 ஏற்கெனவே பள்ளியின் கையில் உள்ள அகமதிப்பீடு. அதில் ஒரு பகுதியைக் கேட்டலுக்கும் வாதத்துக்கும் ஒதுக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. 50 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தால் 250 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை ஆறுக்கும் மேல். பாடத்திட்டத்தை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் மொழியாசிரியருக்கு அந்த ஆறு பாடவேளைகளை யார் விடுவித்துத் தருவது என்பதற்கு, இருமொழி ஆதரவாளரிடமிருந்தும் மும்மொழி ஆதரவாளரிடமிருந்தும் இன்னும் விடை வரவில்லை.