பிரசவ அறைக்குச் செல்லும் பாதை

எத்தியோப்பியாவில் 2005இல் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ ஐந்து மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2016இல் அந்த எண்ணிக்கை 26ஆனது. 2019இல் 48ஐத் தொட்டது. ஏழை நாட்டு மக்கள் சிகிச்சையை நாடத் தயங்குவது அறியாமையால்தான் என்ற பரவலான எண்ணத்தை இந்த மாற்றம் பொய்யாக்குகிறது.

பேறுகால மரணங்களுக்கு மூன்று தாமதங்கள் காரணமாவதை செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் எடுத்துக்காட்டினர். சிகிச்சை தேவை என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், சென்ற பிறகு முறையான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும் என்பதால், இவற்றுள் எது நேர்ந்தாலும் ஆபத்துதான்.

எத்தியோப்பியா முதலிரண்டு தாமதங்களிலிருந்து தொடங்கியது. 2003இல் அறிமுகமான சுகாதார விரிவாக்கத் திட்டத்தின்கீழ், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு கெபெலேயிலும், அதாவது மிகச் சிறிய நிர்வாகப் பகுதியிலும், இருவர் வீதம் அரசுச் சம்பளத்தில் நியமிக்கப்பட்டனர். 30,000க்கும் மேற்பட்ட இந்தப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைச் சந்தித்தனர். மாவட்டங்களுக்கு ஆம்புலன்ஸ்கள் வழங்கப்பட்டன. தொலைதூரக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க, சுகாதார நிலையங்களை ஒட்டிக் காத்திருப்பு இல்லங்கள் எழுந்தன.

ஆனால், தூரம் மட்டுமே தடையாக இருக்கவில்லை. 2011இல் நடந்த தேசிய ஆய்வில், வீட்டில் பிரசவித்த பெண்களில் பத்தில் ஆறு பேர் மருத்துவ நிலையம் செல்வது அவசியமில்லை என்றனர். பத்தில் மூவர் அது தங்கள் வழக்கமில்லை என்றனர். சொந்தபந்தங்கள் சூழ, பழகிய முறையில் நடக்கும் பிரசவத்தை விட்டு, துணைக்கு யாரையும் அனுமதிக்காத அறைக்கு வரப் பெண்கள் தயங்குவது இயல்பே. இதை உணர்ந்து, குழந்தை பெற்ற பெண்ணுக்கு மரபாகத் தரப்படும் களியைச் சமைக்கவும் காபிச் சடங்கு நடத்தவும் பல நிலையங்கள் இடமளித்தன.

மூன்றாவது தாமதமே கடினமானது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள், பேறுகால மரணங்கள் மட்டுமின்றி எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு 86 லட்சம் என லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2018இல் மதிப்பிட்டது. சிகிச்சையை நாடாததால் இறந்தவர்கள் 36 லட்சம் பேர். நாடியும் தரமற்ற சிகிச்சையால் இறந்தவர்கள் 50 லட்சம் பேர். தண்ணீரும் மின்சாரமும் ரத்தமும் இல்லாத நிலையத்துக்குப் பெண்களை வரவழைப்பதால் மட்டும் உயிர்கள் காக்கப்படுவதில்லை.

இத்தனை முயற்சிக்குப் பிறகும், 2019இல் எத்தியோப்பியாவின் பிரசவங்களில் பாதிக்கு மேல் மருத்துவ நிலையங்களுக்கு வெளியேதான் நடந்தன. 2020 நவம்பரில் நாட்டின் வடக்கிலுள்ள டிக்ரே பகுதியில் மூண்ட போர், கட்டியெழுப்பிய மருத்துவ நிலையங்களையே சூறையாடியது. பெண்களுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் இடையிலான இடைவெளி விழிப்புணர்வுப் பிரசாரத்தால் மட்டும் அடைபடாது. அருகில், செலவின்றி, மரியாதையுடன், தரமாகக் கிடைக்கும் சிகிச்சையை ஏழைகள் புறக்கணிப்பதில்லை; அப்படிப்பட்ட சிகிச்சையைத் தருவது அரசுகளின் கடமை.