அச்சம் காதில் பிறக்கிறது

"திகில் படமா? பெண் பிள்ளைகள் பார்க்கிற படமா அது?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. தோழியரே, உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். கத்தியும் இரத்தமுமாக ஓடும் படங்களைப் பற்றி அவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல திகில் படத்தின் தொடக்கத்திற்கு இரத்தம் தேவையே இல்லை. ஓர் ஓசையும் சிறிது இருளும் போதும் என்பது என் கருத்து.

விடுமுறையில் மாமா வீட்டில் 'அந்த நாள்' படம் பார்த்தேன். 1954-ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரித்தது. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். பாட்டுகள் மலிந்திருந்த அக்காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த படம் இது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை நடக்கிறது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் சாய்கிறார். சுட்டவர் யார் என்பதை மட்டும் காட்டவில்லை. இசையில் தேர்ந்தவர் பாட்டை விலக்கினார் என்றால், மௌனத்தின் மதிப்பை அவர் அறிந்திருந்தார் என்பதுதானே பொருள்?

1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்' என்ற ஆங்கிலப் படமும் இவ்வாறே தொடங்குகிறது. இரவுக் கடலில் ஒரு பெண் நீந்துகிறாள். நீருக்கடியிலிருந்து ஏதோ ஒன்று அவளைப் பார்ப்பதுபோல் காமிரா மேல்நோக்குகிறது. ஜான் வில்லியம்ஸின் இசையில் இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலித்து விரைவு கொள்கின்றன. அக்காட்சியில் சுறா கண்ணில் படுவதே இல்லை! படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்பு நீரில் அடிக்கடி பழுதானதால், பின்னரும் அதை அதிகம் காட்ட இயலவில்லை. அதுவே படத்திற்கு நன்மையாயிற்று.

இதன் காரணம் எனக்குத் திரையில் விளங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில்தான் விளங்கிற்று.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். கடலுக்குச் சென்ற படகுகள் முகத்துவாரத்தைக் கடந்தே வீடு திரும்ப வேண்டும். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு காற்று எழும்பியது. மின்சாரமும் நின்றுவிட்டது. அப்பாவின் படகு வரவில்லை. அம்மாவும் ஆயாவும் நானும் வாசலில் அமர்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. தொலைவில் ஓர் இஞ்சின் ஓசை கேட்டது. நான் எழுந்தேன். "உட்காரு, நம்ம இஞ்சின் இல்லை" என்றார் அம்மா. வெகு நேரம் கழித்து மற்றோர் ஓசை. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பை மூட்டினார். நனைந்தபடி வந்த அப்பா, "நீ இன்னும் தூங்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நான் எதையும் காணவில்லை, கேட்டேன், அவ்வளவே. அன்புக்குரியவர் ஒருவருக்காகக் காத்திருந்ததால்தான் ஒவ்வோர் ஓசையும் நெஞ்சை உலுக்கியது. நல்ல இயக்குநர் இந்த உணர்வையே திரையில் எழுப்புகிறார். முன்பின் அறியாத ஒருவருக்காக நம்மைப் பதறச் செய்கிறார். திடீரென முரசை அறைந்து இரத்தத்தைக் காட்டும் படமோ ஒரு நொடி துள்ள வைக்கும். நாளடைவில் அது பழகிப்போய் நெஞ்சு மரத்துவிடும். பெரியவர்கள் அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

தோழியரே, அடுத்த முறை ஒரு படத்தின் தொடக்கத்தைக் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எது நம்மை ஏமாற்றுகிறது, எது நம்மை இரங்கச் செய்கிறது என்பது தெரிந்துவிடும். பெற்றோரே, எல்லாப் படங்களையும் ஒரே கண்கொண்டு பார்த்து விலக்காதீர்கள். எங்கள் அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். எதைக் கேட்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர், திரைப்படமே அதிகம் பார்த்திராத என் அம்மாதான்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி